மோட்டார் நின்ற பதினைந்து நிமிடம்

மூன்று மாதத்துக்குப் பிறகு தர்ஷனா மைக்கைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் உடனே பாடவில்லை. அதன் தலையில் படிந்திருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தாள். வயரை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, “என்ன, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறியள்?” என்றாள். கரகரத்த குரல். சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. தைரொயிட். கண்டியில் வைத்து வெட்டி எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு கட்டிக்குப் பின்னால் ஒட்டினாற்போலப் போகிறது, கவனமாகத்தான் செய்வேன், ஆனால் உத்தரவாதம் தரமாட்டேன் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். வெட்டிய கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்த அன்று அவளுடைய தம்பி றிக்சன் எங்கள் தெரு முழுவதற்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் அடுத்த பயம் மெல்லத் தலைகாட்டியது. முதல் ஆறு கிழமை அவள் கடதாசியில் எழுதித்தான் கதைத்தாள். பிறகு காற்றுப் போல ஒரு குரல் வந்தது, பிறகு இந்தக் கரகரப்பு. பிரதேச செயலகத்தில் கோப்புப் பார்க்கும் வேலைக்கு இந்தக் குரல் போதும். எங்களுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

உப்புவெளியில் ஒரு கடற்கரை விடுதி ஆறு வருடமாகச் சீசனின் முதல் சனிக்கிழமைக் கச்சேரியை எங்களுக்கே தந்து வந்தது. அதன் மனேஜர் இராகுலன் அன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார். இல்லையென்றால் கொழும்பிலிருந்து ஒரு டீஜேயைக் கூப்பிடுவாராம். அவரைக் குறை சொல்லமுடியாது. வேறொரு பாட்டுக்காரியைப் பிடியுங்கள் என்று தர்ஷனாவே ஒருநாள் கடதாசியில் எழுதிக் காட்டினாள். எங்கள் மூவரில் ஒருவனான அஷ்பாக் அந்தக் கடதாசியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அன்று முழுவதும் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவள் பாடாவிட்டால் ‘அலுமாரி’ இல்லை. இதை நாங்கள் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, அது அப்படித்தான்.

எங்கள் இசைக்குழுவின் பெயர் அலுமாரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதல் ஸ்பீக்கர் பெட்டியை அடிக்கப் பலகை இல்லாமல், கிண்ணியாவில் அஷ்பாக்கின் உம்மாவுடைய பழைய அலுமாரியைக் கழற்றினோம். அவவுக்குச் சொல்லாமல். இன்றைக்கும் நோன்புக் கஞ்சியைக் கையில் தரும்போது, “எண்ட அலுமாரிய எப்ப தாறயள் மகன்?” என்றுதான் என்னைக் கேட்பா. நான் பேணாட், போட் எஞ்சின் திருத்துகிறவன், கிற்றார் வாசிப்பேன். அஷ்பாக் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான், பேஸ் கிற்றார் அவனுடையது. றிக்சன் பஸ் கொண்டக்டர், டிரம்ஸ். பன்னிரண்டு வருடத்தில் பதினாலு பாட்டு, இரண்டு தரம் கொழும்பு, ஒருதரம் யாழ்ப்பாணம். மழையில் நனைந்த அம்ப்ளிபயர்களின் கணக்கை விட்டுவிடுவோம்.

எங்கள் பயிற்சி அறை சல்லிக் கிராமத்துக்குப் போகிற வழியில், ஒரு ஐஸ் பக்டரியின் பின்பக்கத்தில் இருந்தது. முன்பு வலை போட்டு வைத்த அறை, ஆகவே வாடகை கொஞ்சம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மோட்டார் இரவு பகலாக ம்ம்ம் என்று இரைந்துகொண்டிருக்கும். கரண்ட் போனால் ஜெனரேற்றர் எழும்பி அதை ஓட்டும், எங்களுக்குத்தான் கரண்ட் இருக்காது. அந்த இரைச்சலோடு சண்டை பிடித்து அலுத்து, கடைசியில் கிற்றார்களை அதற்கே சுருதி கூட்டிவிட்டோம். அதன் விளைவு கொழும்பில் பாட்டு ஒலிப்பதிவு செய்யப் போனபோதுதான் தெரிந்தது. கீபோட் வாசிக்க வந்தவர் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிவிட்டு, “உங்கட பாட்டு ரெண்டு சுரத்துக்கு நடுவில நிக்குது, எந்த ஊர்ச் சுருதி இது?” என்று கேட்டார். ஐஸ் பக்டரிச் சுருதி என்று றிக்சன் பெருமையாகச் சொன்னான். வெட்கப்பட்டு மாற்றியிருக்கலாம். நாங்கள் அஷ்பாக்கின் போனில் மோட்டார் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொண்டோம். மேடையேறுமுன் அதைக் காதில் வைத்துக்கொண்டு அவன் கண்ணை மூடி நிற்பதைப் பார்ப்பவர்கள் ஓதுகிறான் என்று நினைத்துச் சத்தம் போடாமல் விலகிப் போவார்கள்.

தர்ஷனா ‘வரிசை’ என்ற பாட்டையே வாசிக்கச் சொன்னாள். பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்றபோது நாங்கள் கட்டிய பாட்டு. “எனக்கு முன்னால எழுபது பேர், எனக்குப் பின்னால கடல்” என்று தொடங்கும். அந்தக் ‘கடல்’ மேலே ஏறி நிற்கவேண்டிய சொல். ‘எழுபது’ வரைக்கும் வந்தாள். கடலில் குரல் உடைந்தது. சேவல் கூவப் பழகுவது போல ஒரு சத்தம். அவள் இருமினாள், தண்ணீர் குடித்தாள், திரும்பவும் தொடங்கினாள். அதே இடத்தில் அதே உடைவு.

“சுருதியை ஒரு கட்டை இறக்குவம்” என்றேன். இறக்கினோம். நானும் அஷ்பாக்கும் கம்பிகளைத் தளர்த்தி ஆளையாள் சரிபார்த்துக்கொண்டோம். மோட்டாரோடு அது ஒட்டவில்லை, சுவரே பல்லை நெருமுவது போலிருந்தது. பரவாயில்லை என்று தொடங்கினோம். ஆனால் அவள் பாடியது எங்கள் சுருதியிலும் இல்லை, எதிலும் இல்லை. குரல் மேலே மேலே இழுபட்டுப் போய், பழைய இடத்தில் போய் முட்டி உடைந்தது. மூன்று தரம் இப்படி நடந்தது. அவள் மைக்கை நிலத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

“ஏலாது. இராகுலனுக்குச் சொல்லுங்கோ” என்றாள்.

எனக்கு அந்த நேரம் வந்தது கவலை இல்லை, கோபம். டொக்டர் மேல், கட்டி மேல், ஐந்து மணி மேல். றிக்சன் டிரம்ஸ் தடிகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அழுதான், மறைக்கவும் இல்லை. அஷ்பாக் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தர்ஷனா, ஒரு விசயம் கேக்கிறன், கோவிக்கக் கூடாது. பாட்டுத் தொடங்கேக்க சுருதி ஆரிட்ட எடுக்கிறீங்க?” என்று கேட்டான்.

“உங்களிட்டத்தான்.”

“இல்ல. நான் இன்னும் கம்பியில கை வைக்கேல்ல, நீங்க தொடங்கிட்டீங்க. நீங்க எடுக்கிறது இவரிட்ட.” அவன் சுவரில் கையால் தட்டினான். “பன்னிரண்டு வருசமா இவரிட்டத்தான் எடுத்திருக்கிறீங்க. நாங்க கீழ இறங்கி நிக்கிறம், இவர் உங்களை மேல இழுக்கிறார்.”

தர்ஷனா சுவரைப் பார்த்தாள். பிறகு மெல்ல, தனக்குள் முனகுவது போல, ம்ம்ம் என்றாள். மோட்டாரின் சுருதி, மயிரிழை பிசகவில்லை. அவளுக்கே தெரியாமல் இத்தனை வருடமும் செய்து வந்திருக்கிறாள். நாங்களும் கவனித்ததில்லை.

நான் முன்பக்கம் ஓடினேன். ஐஸ் பக்டரி மேற்பார்வையாளர் அபூதாஹிர் நானா அரைத்த ஐஸைப் பெட்டிகளில் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு அவருக்கு ஓயாத வழக்கு. எங்கள் சத்தத்தில் தன் மோட்டார் சத்தம் தனக்கே கேட்பதில்லை, ஒருநாள் அது எரிந்தாலும் தெரியாது என்று திட்டுவார்.

“நானா, மோட்டாரைக் கொஞ்சம் நிப்பாட்ட ஏலுமா?”

“என்னத்துக்கு?”

“தர்ஷனா பாடிப் பாக்கோணும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்தப் புள்ளைக்கு குரல் வந்திட்டா?”

“அதைத்தான் பாக்கப் போறம்.”

“பதினைஞ்சு நிமிசம். அதுக்கு மேல நிண்டா முதலாளி என்னைக் கட்டியா உறையவச்சு வித்திருவார்.” சொல்லிக்கொண்டே சுவிட்ச் பெட்டிப் பக்கம் நடந்தார்.

மோட்டார் பெருமூச்சு விட்டு அடங்கியது. நான் திரும்பி வந்தபோது அறை எனக்கே பழக்கமில்லாத இடமாக இருந்தது. கரையில் அலை அடிப்பது கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் அந்த அறைக்குள் இருந்து கடலைக் கேட்டது அதுவே முதல்தடவை. நான் ஒரு கம்பியைத் தட்டினேன். தர்ஷனா தலையைச் சரித்துக் கேட்டாள். இன்னொருதரம் தட்டச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

எனக்கு முன்னால எழுபது பேர். கீழே, தணிந்து, கரகரப்பு அப்படியே இருந்தது. எனக்குப் பின்னால கடல். அது உடையவில்லை. மேலே ஏறிப் பறக்கும் அந்தப் பழைய கடலும் இல்லை. பாரமான, நிலத்தைத் தொட்டுக்கொண்டு வந்த ஒரு கடல். அது அவளிடம் முழுதாக வந்தது. நான் இரண்டு இடத்தில் பிழை விட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், அஷ்பாக் பிறகு சொன்னான். றிக்சன் அழுதுகொண்டே அடித்ததில் தாளம் எங்கேயோ ஓடிப்போய், திரும்பி வந்து சேர்ந்தது.

முடிந்ததும் அவன்தான் முதலில் வாய் திறந்தான். “அக்கா, இது உன்ர குரல் மாதிரி இல்லை.”

“ஓம்” என்றாள் தர்ஷனா. “ஆனா வருதுதானே.”

மற்றப் பாட்டுகளில் இரண்டைத் தொட்டுப் பார்த்தோம். ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. வராததை ஒருபக்கம் வைத்தோம். அப்போது அஷ்பாக்கின் போன் அடித்தது. ஐந்து மணிக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது, இராகுலனுக்குப் பொறுமை இல்லை. மூன்று மாதமாக அவளுக்கு வந்த அழைப்புகளுக்கெல்லாம் நாங்கள்தான் பதில் சொல்லி வந்தோம். அஷ்பாக் எடுக்கப் போக, அவள் கையை நீட்டினாள்.

“ஹலோ, வணக்கம். ஓம், சொல்லுங்கோ.”

போனுக்குள் இராகுலனின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “ஆர் கதைக்கிறது? அஷ்பாக் இல்லையா?”

“தர்ஷனா கதைக்கிறன்.”

“ஆர்?”

அந்தச் சமயம் பார்த்துப் பதினைந்து நிமிடமும் முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமி எழும்பியது. தர்ஷனா போனோடு வெளியே போனாள். முற்றத்தில் சத்தம் இன்னும் கூடுதல். ஐஸ் அரைக்கும் மெசினும் ஓடத் தொடங்கியிருந்தது. சத்தமாகக் கதைக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறாரே என்று றிக்சன் பின்னால் எழும்பினான். நான் அவனுடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

வாசலால் அவளைப் பார்த்தோம். ஐஸ் பெட்டி தூக்குகிறவர்களுக்கு நடுவில், ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

“தர்ஷனா! ஓம், நான்தான்! இனி இப்பிடித்தான்! சனிக்கிழமை வாறம்!”