சத்தம் வராத அறை

"கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாள் ஒரு ராத்திரி, திரும்பி வந்தப்புறம் ஒரு ராத்திரி. ரெண்டுக்கும் ஒரே ஹோட்டலா பாரு, வலி. கட்டில் நல்லா இருக்கணும். சத்தமே இருக்கக் கூடாது. அதெல்லாம் உனக்குத்தானே தெரியும்."

மஸ்கட்டிலிருந்து அக்கா ஜுவேரியா அனுப்பிய குரல் செய்தி இவ்வளவுதான். வலியுல்லா அதை நாலு தடவை போட்டுக் கேட்டான். கடைசி வரியில் குத்தல் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. கடைக்காரனிடம் சாமான் சொல்கிற குரல்தான். குத்தியிருந்தால்கூடத் தேவலை என்று பட்டது.

மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், அவர்கள் வீடு இருக்கிறது. மூன்று அறை, மேலே மொட்டை மாடி. அம்மா ஜமீலுன்னிசாவும் அவனும் மட்டும்தான். அம்மாவை அம்மி என்றும் அக்காவை ஆபா என்றும் கூப்பிடுகிற வீடு. ஒரு அறை சும்மாவே கிடக்கிறது. அப்படியிருக்க, பெற்ற மகள் அதே ஊரில் ஹோட்டலில் தங்கப் போகிறாள். அதற்கு இடம் பார்க்கும் வேலை தம்பிக்கு.

"இன்னாவாம் உங்க ஆபாவுக்கு?" என்றாள் அம்மா, வெங்காயத்தை உரித்துக்கொண்டே.

"கப்பல்ல போறாங்களாம். அஞ்சு நாள், இலங்கைப் பக்கம் சுத்திட்டு வராங்க."

"அது சரி. இங்க வருவாளா?"

"வருவாங்க."

"தங்குவாளா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான். ராயப்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலை பத்திலிருந்து ராத்திரி எட்டு வரை, எல்லா மனிதர்களையும் போல.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் எல்லா மனிதர்களையும் போல இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. அமெரிக்காவில் எவனெவனுக்கோ உடம்புக்கு வந்தால் அந்த இன்ஷூரன்ஸ் காகிதத்தைச் சரிபார்க்கிற வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு கேப் வரும், விடியற்காலை ஆறுக்குக் கொண்டுவந்து தள்ளும். பகல் முழுக்கத் தூக்கம். வாப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருத்தன். ஆகவே வீடு அவன் தூக்கத்தைச் சுற்றி நடந்தது. ஜன்னலில் கறுப்பு சார்ட் பேப்பர். காலிங்பெல் ஒயரை அவனே வெட்டிவிட்டான். மதியம் குக்கர் அடுப்பில் ஏறாது. மீன்காரி சந்து முனையிலேயே வாயை மூடிக்கொள்வாள், அம்மா போய்ச் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த வீட்டுக்குத்தான் ஜுவேரியா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். நாற்பது நாள் தாய்வீட்டில் இருந்து, தலைக்கு ஊற்றி, அப்புறம் அனுப்புவதுதான் முறை. குழந்தைக்கு தூபா என்று பெயர் வைத்தார்கள். தூபாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் என்னவென்று தெரியாது. பகலில் அழுதாள்.

குழந்தை வாயைத் திறந்தால் அம்மா, "மாடிக்குத் தூக்கினு போடி" என்பாள். மே மாதம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. பச்சை உடம்புக்காரி அங்கே உட்கார்ந்துதான் பால் கொடுத்தாள். இருபத்து மூன்றாம் நாள் மதியம் மாடியிலிருந்து அழுகை கீழே வந்தது. வலியுல்லா கதவைத் திறந்து வெளியே வந்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"அந்தச் சனியன எங்கியாவது கொண்டுபோய்த் தொலைச்சிட்டு வா."

சாயங்காலம் அவன் கேப் ஏறியபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் வந்தபோது அந்த அறை காலி. கணவன் அஃப்தாபின் ஊரான வாணியம்பாடிக்குப் போய்விட்டாள். மிச்சம் பதினேழு நாளை மாமியார் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். இரண்டு மணி நேரம் இருப்பாள். சாப்பிடுவாள், போய்விடுவாள்.

அந்த வேலை அதற்கப்புறம் ஏழு வாரம்தான் நிலைத்தது. யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒருநாள் கேப் வந்து ஹாரன் அடித்தது, இவன் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஏழு வாரத் தூக்கத்துக்காகப் போட்ட சத்தம் அது.

நான்கு ஹோட்டல் பார்த்தான். தி.நகரில் ஒன்று: படுக்கை அருமை, கீழே நகைக்கடை விளம்பரம் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றான். அறையைக் காட்ட வந்த பெண் பயந்துபோய் மானேஜரைக் கூப்பிட்டாள். அடையாறில் ஒன்றில் முதல் மாடியில் கல்யாண ஹால். கோட்டூர்புரத்தில் பார்த்ததில் லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று இருமியது.

நாலாவது ஆழ்வார்பேட்டையில், முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. வரவேற்பு மேஜையில் செந்தில்குமார். பழைய கம்பெனியில் அடுத்த நாற்காலிக்காரன்.

"இன்னா மச்சி, யாருக்கு ரூமு? கல்யாணமா, சொல்லவேயில்ல?"

"அக்காவுக்குடா. கப்பல் ஏறப் போறாங்க."

"அக்காவுக்கா? உன் வூடு இங்கேர்ந்து பொடி நடையா போற தூரத்துல கீதே."

"ரூமைக் காட்டு."

மூன்றாம் மாடி, பின்பக்கம், கடைசி அறை. கனத்த திரை. கதவைச் சாத்தியதும் ஊர் அணைந்துபோனது. மோட்டார் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, ஏ.சி.கூட மூச்சு விடுகிற மாதிரிதான். வலியுல்லா படுத்துப் பார்க்கலாம் என்று கட்டிலில் சாய்ந்தான். ஷிப்ட் வேலை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்காதது தூக்கம். ராத்திரியில் மூன்று மணிக்கு முன் கண் அயர்ந்து பல வருஷம். அந்தக் கட்டிலில் நாற்பது நிமிஷம் கட்டையாய்த் தூங்கினான்.

"நைனா, எழுந்திரு. ரூம் பாக்க வந்தியா, குடித்தனம் வந்தியா?" செந்தில் காலைத் தட்டி எழுப்பினான்.

"இதையே போடு."

"ரெண்டு நாளுமா? பன்னண்டாந் தேதி, பதினெட்டாந் தேதி?"

வலியுல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பன்னண்டு மட்டும்."

அக்காவுக்கு "ரெண்டும் போட்டாச்சு ஆபா" என்று எழுதி அனுப்பினான். அம்மாவிடம், "பதினெட்டாம் தேதி ராத்திரி இங்க தங்குறாங்க" என்றான். கணக்கு எளிமையாக இருந்தது. கப்பலிலிருந்து களைத்து இறங்குவார்கள், அறை இருக்காது, வீடு இருக்கும். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அக்கா தட்டெடுக்கும்போது, அந்த வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். அம்மா அன்றே பஞ்சுமெத்தையை வெயிலில் போட்டாள். தி.நகர் போய் மீன் படம் போட்ட போர்வை ஒன்று வாங்கி வந்தாள், சின்னப்பிள்ளைக்கு.

பன்னிரண்டாம் தேதி மதியம் அவர்கள் ஹோட்டலுக்கு வந்து இறங்கினார்கள். அஃப்தாப் மச்சான் தோளில் தட்டி, "இன்னா வலி, கப்பலுக்கு நீயும் வாயேன். உன்னை அடியில எஞ்சின் ரூம்ல போட்டுடலாம், அங்கதான் நல்லா தூக்கம் வரும்" என்று சிரித்தார். தூபா வளர்ந்திருந்தாள். சலாம் சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

அறைக்கு எல்லோரும் போனார்கள். தூபா நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்தாள். இரண்டடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். பூசாத செங்கல், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய்.

அவள் திரும்பித் தன் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.

"இன்னாவாம்?" என்றான் வலியுல்லா.

"கடல் தெரியுமான்னு கேட்டுக்கினு இருந்தா வழி பூரா. விடு." ஜுவேரியா திரையை மறுபடி மூடினாள். "சத்தம் இல்ல. அது போதும்."

அறை பார்க்க வந்த அன்று திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பகலில் தூங்குகிறவன் அறை பார்த்தால் அப்படித்தான் பார்ப்பான்.

கீழே வந்ததும் அக்கா மேஜையில் கை வைத்து, "இந்தப் பெரிய பெட்டி ரெண்டையும் இங்கயே வெச்சுட்டுப் போறோம். பதினெட்டாம் தேதி வந்து எடுத்துக்கறோம்" என்றாள்.

செந்தில்குமார் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பிறகு வலியுல்லாவைப் பார்த்தான். "மேடம், பதினெட்டுக்கு உங்க பேர்ல எதுவும் இல்லையே."

மச்சானும் தூபாவும் வெளியே இளநீர் வாங்கப் போயிருந்தார்கள். ஜுவேரியா தம்பியைச் சோபாப் பக்கம் கூட்டிப்போனாள்.

"போட்டாச்சுன்னு எழுதின."

"வீட்டுக்கு வாங்க ஆபா. ஒரு ராத்திரி. அம்மி மெத்தையெல்லாம்..."

"அவங்ககிட்ட வேற சொல்லிட்டியா?"

"நான் வேலைய விட்டு எவ்ளோ வருஷமாச்சு. இப்ப வீட்ல யாரும் பகல்ல தூங்குறதில்ல."

"நீ வேலைய விட்டது எனக்கு எப்ப தெரியும் தெரியுமா? ஒரு வருஷம் கழிச்சு. அப்புறம் நாங்க வரும்போதெல்லாம் உன் கதவு சாத்தியே இருக்கும். 'மாமு தூங்குறாங்க'ன்னு அம்மி வாயில விரலை வெப்பாங்க."

"தூங்கல" என்றான்.

"தெரியும். கதவுக்கு அடியில உன் கால் நிழல் தெரிஞ்சுது. எல்லா வருஷமும்."

வெட்கம் என்று அவன் சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, நீங்கள் கிசுகிசுத்துக்கொண்டு சாப்பிட்டு முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தேன் என்று.

"நீ ஒண்ணு புரிஞ்சுக்க" என்றாள் ஜுவேரியா. அவள் குரலை உயர்த்தவில்லை. "தூபா ராத்திரில தூக்கத்துல கத்துவா. எழுந்தா ஞாபகம் இருக்காது. சத்தம் இல்லாத ரூமாக் கேட்டது எங்களுக்குச் சத்தம் வரக் கூடாதுன்னு இல்ல. எங்க சத்தம் வெளியே போகக் கூடாதுன்னு. பகல்லயும் சின்னதுல அவ வாயைத் திறந்தாலே என் கை தானா போய் மூடிடும். மூடி மூடி, இப்ப நான் மூட வேண்டியதே இல்ல. டீச்சர் கூப்பிட்டுக் கேக்குறாங்க, பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது பிரச்சினையான்னு."

"ஆபா, நான் அன்னிக்கு..."

"சார், மேடம் ஐடி ப்ரூப் ஒண்ணு வேணும்" என்றான் செந்தில்குமார்.

அவள் எழுந்து போனாள். பாஸ்போர்ட்டை நீட்டினாள். "பதினெட்டுக்கும் அதே ரூம் இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"போடுங்க."

அன்னிக்கு என்பதற்குப் பிறகு என்ன வர வேண்டும் என்று அவன் வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் யோசித்தான். வீடு வந்துவிட்டது, வார்த்தை வரவில்லை. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் மீன் போர்வையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"மாடிக்குப் போன்னு சொன்னது நாந்தாண்டா" என்றாள். "நீ ஒருக்கா கத்துன. நான் இருவத்திமூணு நாளு சொன்னேன்."

அவர்கள் கப்பலில் இருந்த நாட்களில் அவன் செய்தது ஒன்றுதான். ஒயர் வாங்கி வந்து காலிங்பெல்லை இணைத்தான். சார்ட் பேப்பரை எடுத்தே பல வருஷம் ஆகியிருந்தது, அதன் பசைத் தடம் மட்டும் கண்ணாடியில் இருந்தது. சுரண்டிப் பார்த்தான், போகவில்லை.

பதினெட்டாம் தேதி மதியம் பெல் அடித்தது. ஒன்பது வருஷமாகக் கேட்காத சத்தம், அம்மாவே திடுக்கிட்டாள். வலியுல்லா கடைக்கு லீவு போட்டிருந்தான். அறைக்குள் போகவில்லை. கூடத்து நாற்காலியில் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருந்தான். ஜுவேரியா அவனைப் பார்த்தாள், மூடாத அவன் அறைக் கதவைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போனாள். குக்கர் ஐந்து விசில் விட்டது. யாரும் அடக்கவில்லை.

சாப்பாடு முடிந்து மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். ஆழ்வார்பேட்டைக்குப் போக வேண்டும், விடிந்தால் விமானம். இரண்டு மணி நேரம், வழக்கம்போல.

தூபா செருப்பை எடுக்க அவன் நாற்காலியைத் தாண்டி நடந்தாள். குதிகால் தரையில் படாமல், நுனிக் காலில்.

"தூபா" என்றான். "கப்பல் எப்படி இருந்துச்சு?"

அவள் நின்று சொன்னாள். நீளமாகத்தான் சொன்னாள், கை அகலமாய் விரிந்தது, கண் பெரிதானது. அவனுக்கு ஒரு வார்த்தைகூட விழவில்லை.

"மாமு தூங்கலம்மா. சத்தமா பேசு."

தூபாவுக்குப் புரியவில்லை. தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் ஒரு எட்டு வந்தாள்.

"சத்தமாத்தான் மாமு பேசுறேன்."

வலியுல்லா நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான். வாசலில் மச்சான் கைகாட்டி ஒரு ஆட்டோவை நிறுத்திவிட்டார்.