முதலாவதா, இரண்டாவதா?

கண்ணாடிக்காரருக்கு வாடிக்கையாளர்களிடம் பிடிக்காத பதில் ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு." பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டதா?" என்று பொறுமையாகக் கேட்பார். ஆசாமி கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, கடைசியில் அந்தப் பதிலைத்தான் சொல்வார். இவங்களுக்கெல்லாம் கண்ணு எதுக்கு என்று கண்ணாடிக்காரர் மனசுக்குள் திட்டிக்கொள்வார்.

வீட்டுக் கூடத்தில் அவர் கிட்டாரை மாட்டிக்கொண்டு, தரையில் பெடல்களைப் பரப்பி, முதலாவதை மிதித்து வாசித்தார். இரண்டாவதை மிதித்து வாசித்தார். "எது நல்லா இருக்கு?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், "மாத்திட்டீங்களா?" என்றாள்.

"என்ன மாத்திட்டீங்களா? நல்லாக் கேளு. இது தேன் மாதிரி வழியுது. அது கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்கு."

"நாம விக்கிற கண்ணாடியா?"

ஓவர்டிரைவ் பெடல் என்பது காலால் மிதிக்கும் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. கிட்டாருக்கும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, சாதுவாக வரும் சத்தத்தைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவன் குரலாக்கி அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் இணையத்தில் வீடியோ போடும் நிபுணர்கள் எதைப் பேசுவார்கள்? தாடியைத் தடவியபடி, 'இதில் மாலை வெயில் இருக்கிறது' என்பார்கள். 'இதன் சத்தத்தில் ஒரு நேர்மை இருக்கிறது' என்பார்கள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கண்ணாடிக்காரர் அதைத்தான் பார்த்தார். ஒரு பெடல் 'ஒளிவுமறைவற்றது' என்று பேர் வாங்கியிருந்தது. அதாவது மிதித்தாலும் கிட்டாரின் இயல்பு மாறாதாம். மாறாமல் இருப்பதற்கு ஒரு பெட்டி. அதையும் வாங்கினார்.

இத்தனைக்கும் காரணம் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஈறு நோய்ப் படத்துக்குக் கீழே இவர்கள் கூடி வாசிப்பது வழக்கம். கீபோர்டும் தலைமையும் டாக்டருக்கு. டிரம்ஸ், அலுவலகத்தில் யாரையும் அடிக்க முடியாத ஒரு வரி அதிகாரிக்கு. பேஸ் கிட்டாரும் பாட்டும் கண்ணாடிக்காரரின் மைத்துனனுக்கு. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், குரல் நன்றாக வளர்ந்திருந்தது. ஒரே ஒரு பாட்டின் நடுவில், பாடுகிறவன் வாயை மூடிக்கொள்ள, கிட்டார் முன்னால் வந்து பேசும் ஓர் இடம் உண்டு. கச்சேரி முழுக்கக் கண்ணாடிக்காரருக்கு என்று இருந்தது அது மட்டும்தான்.

போன வாரம் அந்த இடம் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க சார். நீங்க வாசிக்கிறது எனக்குக் கேக்கவே இல்ல. என் கீபோர்டுலயே கிட்டார் சத்தம் ஒண்ணு இருக்கு. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா அதை நானே வாசிச்சிடறேன். நாம வாசிக்கப்போறது எங்க டாக்டர் சங்கத்து விழா பாருங்க, மானம் போயிடக்கூடாது."

கீபோர்டில் ஒரு பொத்தானாகிவிடுவதா? அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. தேன் மாதிரி வழியும் அந்தப் பெடலை வாங்கினார். விற்ற ஆள், பெயிண்ட் உரிந்த இன்னொன்றையும் "வெச்சுக்குங்க" என்று கையில் திணித்து அனுப்பினான். மிதித்தால் ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பேசுவதுபோல இருந்தது. அதற்கு மூக்கன் என்று பேர் வைத்தார்.

துணியை மடித்து முடித்த மனைவி சமையலறைக்குப் போய் மிக்ஸியை ஓடவிட்டாள். கண்ணாடிக்காரர் கோபத்தில் மூன்றையும் மாற்றி மாற்றி மிதித்தார். மிக்ஸி ஓய்ந்தது.

"ஏங்க, அந்த மூக்கால அழுவுது பாருங்க, அது எது? மிக்ஸி ஓடும்போது அது ஒண்ணுதான் கேட்டுச்சு."

"அது குப்பை."

"கடையில எல்லார்கிட்டயும் சொல்வீங்களே, நாற்காலியில உக்காந்து பாக்காதீங்க, தெருவுல நடந்து பாத்துட்டு வாங்கன்னு..."

"அது கண்ணு. இது கலை."

"சரி," என்றாள். கலைக்கு அதற்கு மேல் அவள் மரியாதை செய்ததில்லை.

வாரம் முழுவதும் அவர் தேனின் திருகுகளை மயிரிழை வலப்புறமும் மயிரிழை இடப்புறமும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஞாயிறன்று மூன்று பெடல்களையும் பையில் போட்டுக்கொண்டார். தாம் எவ்வளவு மட்டமானதை ஒதுக்கினோம் என்று நாலு பேருக்குக் காட்டினால்தானே ரசனை தெரியும்?

கிளினிக்கில் பாட்டு தொடங்கியது. அவருடைய இடம் வந்தது. தேனை மிதித்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணை மூடி, உருகி உருகி வாசித்தார். கண்ணைத் திறந்தபோது மைத்துனன் அடுத்த சரணத்தில் இருந்தான்.

டாக்டர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சிட்டேன்."

"வாசிச்சாருங்க டாக்டர்," என்று மைத்துனன் பரிந்துகொண்டு வந்தான். "மாமா வாயைக் கோணிக்கிட்டிருந்ததை நான் பாத்தேன்."

ஒளிவுமறைவற்றதை மாட்டினார். அது தன் நேர்மை மாறாமல், இருந்த இடம் தெரியாமல் இருந்தது. டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு பொத்தானை அழுத்தி, அந்த இடத்தைத் தாமே வாசித்தார். தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. ஆனால் கேட்டது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்," என்றார் வரி அதிகாரி, உண்மை பேசியே கெட்டவர்.

கண்ணாடிக்காரருக்குக் காது மடல் கொதித்தது. சமையலறையும் மிக்ஸியும் ஞாபகம் வந்தன. பையைத் துழாவி மூக்கனை எடுத்து, ஒயரைக் குத்தி, "இன்னொரு தடவை போங்க," என்றார்.

மூக்கன் வாயைத் திறந்தான். டிரம்ஸையும் கீபோர்டையும் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு சத்தம் முன்னால் வந்து நின்றது. மைத்துனன் திரும்பிப் பார்த்தான். டாக்டர் புருவத்தைத் தூக்கினார். இந்தக் கும்பலுக்கு நடுவே தன் கிட்டாரைக் கண்ணாடிக்காரரே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். நெஞ்சு விம்மியது. கம்பியை விரலால் இழுத்து மேல் சுரத்தைத் தொட வேண்டிய கட்டம் வந்தது. இழுத்தார். சுருதி ஏறி, ஏறி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, வந்து சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக் கம்பீரமாக அதிர்ந்தது.

எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"சார், அங்க என்னமோ பிசகுது," என்றார் வரி அதிகாரி.

"இந்தப் பெடலே அப்படித்தான்."

டாக்டர் ஒற்றை விரலால் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். "இங்க வரணும். நீங்க இங்க நிக்கிறீங்க." பக்கத்துக் கட்டையைத் தட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்தவனின் வாய்க்குள் டார்ச் அடிக்கும்போது வரும் அதே குரலில் கேட்டார்: "எத்தனை நாளா இருக்கு இது?"

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். எப்போதும் இப்படித்தான் இழுத்திருக்கிறார். காதில் விழுந்தால்தானே யாராவது சொல்வார்கள்?

"இதைத்தான் இத்தனை வருஷமா கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சீங்களா மாமா?"

"வாயை மூடு மாப்பிள்ளே."

"சத்தப் பிரச்சினை தீந்துடுச்சு," என்று டாக்டர் தீர்ப்பு சொன்னார். "அந்த இடம் உங்களுக்கே. ஆனா அடுத்த வாரம் சரி பண்ணிட்டு வந்துடணும். இல்லன்னா பொத்தான்தான்."

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?"

அவர் பெடல் எதையும் எடுக்காமல் கிட்டாரை நேரே ஆம்பில் சொருகினார். விரல் நுனி வலிக்க அந்த ஒரே கட்டத்தை இழுத்தார். மறுபடி இழுத்தார். இந்த நோய்க்கு எந்தத் தாடிக்காரனும் பெட்டி சொல்லியிருக்கவில்லை. சமையலறையில் மிக்ஸி நின்றது. அவள் வாசலில் வந்து நின்றாள்.

"நல்லாக் கேட்டுச் சொல்லு," என்றார். "முதல்ல இழுத்தது சரியா, இப்ப இழுத்ததா?"

அவள் இந்தத் தடவை உண்மையாகவே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு," என்றாள். "ரெண்டும் தப்பு."