ஷாஸியா வரைந்த டிராகன்

ஷாஸியாவும் காயத்ரியும் டிராகன் வரையப் பழகியது செல்போன் வீடியோக்களைப் பார்த்துத்தான். கல்லூரி விட்டதும் காயத்ரி வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிடுவார்கள். கீழே தறிச் சத்தம் ஓயாது. முதலில் ஷாஸியாவின் டிராகனுக்கு இறக்கை ஈரத்துணி மாதிரி தொங்கியது. கோயில் மண்டபத்து வௌவால்களைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டாள். தெரிந்ததையெல்லாம் தோழிக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

கல்லூரிப் போட்டிக்கு இருவரும் படம் கொடுத்தார்கள். ஷாஸியாவின் படத்தை நடுவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர் போட்ட படம்மா. அத பாத்து காப்பி அடிச்சிருக்க."

"இல்ல சார், நானே வரைஞ்சது. இவ கூடவே இருந்தா, கேளுங்க."

காயத்ரி தன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாது சார். நான் என் வேலைய பாத்துக்கினு இருந்தேன்."

முதல் பரிசு காயத்ரிக்குப் போனது. ஷாஸியாவும் கை தட்டினாள். தட்டாவிட்டால் பொறாமை என்பார்களே.

அடுத்த வாரம் காயத்ரி போன் செய்தாள். "கோச்சிக்கினியாடி? என்னை சென்னைப் போட்டிக்கு அனுப்புறாங்க. பாதி சிங்கம், பாதி மீன் வரையணுமாம். இடுப்பு ஒட்டவே மாட்டேங்குது."

ஷாஸியா, "முதுகெலும்ப ஒரே கோடா வால் வரைக்கும் இழு. அப்புறமா செதில் போடு" என்றாள்.

"தேங்க்ஸ்டி. நாளைக்கு வீட்டுக்கு வர்றியா?"

"வரல."

போனை வைத்தாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. அதற்குக்கூட வாய் வராத தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.