நஜ்முன்னிசாவின் நம்பர்

ஜேசிபிக்காரன் மேல் நஸ்ருல்லாவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறேன் பேர்வழி என்று ஃபைபர் கேபிளை அறுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான், பாவி. ஸ்கேன் சென்டர் மாடியில், ஜீயபுரத்திலிருந்து கொண்டுவந்த வீரமலை வாய் கோணிப் படுத்துக்கிடந்தார். தலையை ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அந்தப் படத்தைச் சென்னையிலிருக்கும் டாக்டர் பார்த்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று சொன்னால்தான் ஊசி போட முடியும். நெட் இல்லாததால் படம் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

கேபிள் செத்தால் சிம் கார்டு வழியாக நெட் ஓடும்படி நெட்டைக் கட்டுப்படுத்தும் ஃபயர்வால் பெட்டியில் அமைத்துத் தரத்தான் நஸ்ருல்லா காலையில் வந்திருந்தான். வேலை பாதியில் இருக்கும்போதே கேபிள் போய்விட்டது. கீழ்த்தளத்து ஏசியிலும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. பையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து ஒரு சிம்மை எடுத்துச் செருகினான். லேப்டாப்பில் சிம் கம்பெனியின் நெட்டுக்கான ஏபிஎன் பெயரை அடித்தான். கேபிளுக்கு முதலிடம், சிம்முக்கு இரண்டாமிடம் என்று வரிசை கொடுத்தான். மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து இறங்கிய வயரைப் பெட்டியின் முதுகில் திருகினான். விளக்கு சிவந்து, மஞ்சளாகி, பச்சையில் நின்றது.

"அண்ணா, போகுதுண்ணா! படம் போகுது!" என்று ரிசப்ஷன் பவித்ரா படியிலிருந்தே கத்தினாள். அவளுக்குப் பின்னால் வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணு எட்டிப் பார்த்தாள். "போயிடுமா தம்பி? நல்லா இருப்பீங்க" என்று அந்தப் பெட்டியைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டாள்.

நஸ்ருல்லா மூச்சு விட்டான். பிறகுதான் சிம்மின் விவரங்களைப் பார்த்தான். ஐந்து கட்டமும் நிறைந்த சிக்னல். கீழே நம்பர். கடைசி நான்கு எண்களை இரண்டு தடவை படித்தான். யா அல்லாஹ், இது நஜ்மாவின் நம்பர்.

டப்பாவில் இரண்டு சிம் இருந்தன. ஒன்று ஆபீஸ் கொடுத்தது. மற்றது மனைவி நஜ்முன்னிசாவுடையது, தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டான், சரி, அது மனுஷன் செய்கிற தப்புதான். ஆனால் இந்த சிம் எப்படி வேலை செய்யும்? அவள் மவுத்தாகிப் பதினாலு மாதம் ஆகிறது. ரீசார்ஜ் செய்ய மறந்து நம்பர் போய், வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்று கம்பெனிக்காரர்களே சொல்லிவிட்டார்கள்.

அந்த நம்பருக்குப் போன் போட்டான். பஸ் ஹாரன் இரைச்சலுக்கு நடுவில் ஓர் ஆண் குரல் வந்தது. "ஆண்டி பேசுறேன், யாருங்க வேணும்?" நஸ்ருல்லா கட் பண்ணினான். நம்பர் இப்போது அந்த ஆளுடையது, ஆனாலும் பெட்டியில் பச்சை விளக்கு அசையவில்லை.

ஊரிலுள்ள டவர்களின் எண்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவன் வழக்கம். சிம் எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க நோட்டைப் புரட்டினான். ஸ்ரீரங்கத்து டவர் எதுவுமில்லை. காவிரிக்கு அக்கரையில், எட்டு கிலோமீட்டர் தள்ளி, அரியமங்கலத்தில் கபர்ஸ்தான் மதிலை ஒட்டி நிற்கும் டவர் அது. அங்கேதான் அவளை அடக்கியிருந்தார்கள். இங்குள்ள ஆன்டெனாவில் அந்த டவரின் சிக்னல் ஒரு கட்டம்கூட வராது.

படம் போய்ச் சேர்ந்தது. கால் மணி நேரத்தில் டாக்டர் சொல்லிவிட்டார், அடைப்புதான், ஊசியைப் போடுங்கள் என்று. மாடியில் வள்ளிக்கண்ணு வாய்விட்டு அழுதாள். நஸ்ருல்லா அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கண் திரையிலேயே இருந்தது. அனுப்ப இனி ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே வரும் டேட்டாவின் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை, வந்துகொண்டிருந்தது.

மவுத்தான அன்று அவள் இரண்டு தடவை போனில் கூப்பிட்டாள். அவன் ஒரு குடோன் கூரைமேல் ஆன்டெனா மாட்டிக்கொண்டிருந்தான். இறங்கிப் பேசிக்கலாம் என்று விட்டுவிட்டான். இறங்கிக் கூப்பிட்டபோது மச்சான் எடுத்து அழுதான். அவள் என்ன சொல்ல வந்தாள்? நெஞ்சு வலிக்கிறது என்றா, வரும்போது கொத்துமல்லி வாங்கி வாருங்கள் என்றா? அது தெரியாமல் இந்தப் பதினாலு மாதமும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்தால் போதும் என்றிருந்தது. திட்டுவதாக இருந்தாலும் சரி.

ஆபீஸிலிருந்து டோனி கூப்பிட்டான். "பாய், கேபிளை ஒட்டிட்டாங்க. ஆபீஸ் சிம்தான உள்ள இருக்கு? செக் பண்ணிட்டுக் கிளம்புங்க."

"மாத்திப் போட்டுட்டேன்பா."

"அட, சரியான சிம்மைப் போட்டு விடுங்க பாய். நாளைக்கு இன்னொரு பேஷண்ட்டு வருவாங்கல்ல."

அவன் சொன்னதில் தப்பொன்றுமில்லை. இந்த சிம்மை நம்பி எந்த உயிரை ஒப்படைக்க முடியும்? ஆனால் பிடுங்கினால் மறுபடி பிடிக்குமா என்று யாரிடம் கேட்பது? நஸ்ருல்லா பெட்டிக்கு முன்னால் வெறும் தரையில் உட்கார்ந்தான். விரலை வைத்தான், எடுத்தான். மறுபடி வைத்தான். "மன்னிச்சுக்க புள்ள" என்று சொல்லி சிம்மை அழுத்தி வெளியே எடுத்தான்.

சிம் உள்ளங்கையில் சூடாகக் கிடந்தது. பெட்டியின் வாய் காலியாகத் திறந்திருந்தது. திரையில் ஐந்து கட்டமும் அப்படியே நின்றன, உள்ளே வரும் கணக்கு இன்னும் வேகமாக ஏறியது.

மாடியிலிருந்து பவித்ரா அவனைக் கூப்பிட்டாள். நஸ்ருல்லா எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். பையிலிருந்து ஹெட்போனை எடுத்து லேப்டாப்பில் செருகினான், காதில் மாட்டிக்கொண்டான்.

"சொல்லு நஜ்மா" என்றான்.