ஆணையரின் ஒட்டுமீசை

எங்கள் குடிநீர் அலுவலகத்துக்குப் புதிய ஆணையர் மாறுவேடத்தில் வரப்போகிறார் என்ற ரகசியம் முந்தின நாளே வாட்ச்மேன் வரைக்கும் எட்டிவிட்டது. மனிதர் பழங்கால அரசியல் சிந்தனை பற்றி ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்தார். அந்தக் காலத்து ராஜா வேடம் மாற்றிக்கொண்டு குடிமக்கள் பேச்சைக் கேட்பான், தவறை முகத்துக்கு நேரே சொல்லும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வான் என்று கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம். எனக்கும்தான் தூக்கம் இல்லை. காரணம் வேறு.

என் அக்கா முட்டிவலியோடு மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் சுமக்கிறாள். குழாய் இணைப்பு கேட்டு அவள் கொடுத்த மனு மேலாளர் மேஜையில் தூங்குகிறது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதைத் தொட அதிகாரம் கிடையாது.

ஆணையர் வரவேண்டிய அன்று காலை மேலாளர், புகாரோடு வந்தவர்களை எல்லாம் "சிஸ்டம் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அக்காவையும் சேர்த்துத்தான். வரிசையில் ஊழியர்களின் மாமியார், மச்சினன் எல்லாம் சிரித்த முகமாக நின்றார்கள். மின்விசிறியைக்கூடத் துடைத்திருந்தார்கள்.

கசங்கிய சட்டையும் ஒட்டுமீசையுமாக ஆணையர் வந்தார். என் கவுண்டரில் குனிந்து, "ஏம்மா, இங்க வேலையெல்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் மேலாளர் கண்ணை உருட்டினார். எனக்கு அலுத்துவிட்டது. வேலை போனால் போகட்டும்.

"நடக்கல சார். நீங்க யாருன்னு எல்லாருக்கும் தெரியும். வரிசையில நிக்கிறவங்க எங்க வீட்டு ஆளுங்க. நிஜமா தண்ணி இல்லாதவங்களை வாசல்லயே விரட்டியாச்சு. எங்க அக்காவும் அதுல ஒருத்தி."

அவர் முகம் சுண்டிப்போனது. உறைத்துவிட்டது என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"மீசை சரியா ஒட்டலையா?" என்றார் மெதுவாக.

முந்தின நாளே எல்லாருக்கும் தெரியும் என்று விளக்கத் தெம்பில்லை. பளபளக்கும் காலணியைக் காட்டினேன். "ஷூ, சார்."

"முகத்துக்கு நேரா சொன்னீங்க பாருங்க. உங்கள மாதிரி ஆளுதாம்மா பக்கத்துல வேணும். அடுத்த தடவை பழைய செருப்போட வர்றேன்." நிம்மதியாகக் கார் ஏறினார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடிப் படியில் வாளியை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டம் சரியாயிடுச்சாடி?"

"இல்லக்கா" என்று வாளியை வாங்கிக்கொண்டேன்.