பத்துப் படித் தண்ணீர்

சூறாவளி என் மச்சினியின் ஊருக்குள் புகுந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடியபோது நான் பல் டாக்டரின் வரவேற்பறையில், வாயில் தலையணை அளவு பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடுங்கிய பல்லுக்கு நாலு வேர். டாக்டர் ஒரு காலை என் நெஞ்சில் ஊன்றி இழுத்தார். பல் கழன்று வந்த வேகத்தில் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. நீங்கள் நம்பவேண்டாம், என் மனைவியும் நம்பமாட்டாள். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் பேச்சுக்கு ஒரு வாய்ப்பாடு கண்டுபிடித்தவள் அவள்: இந்த மனுஷன் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள். நான் ஆற்றில் ஆள் உயர மீனைப் பார்த்தேன் என்றால் அவள் விரலால் ஒரு சாண் காட்டி விருந்தாளிகளுக்கு மொழிபெயர்த்துவிடுவாள். நான் பெருக்க, அவள் வகுக்க, முப்பத்தாறு வருஷமாக எங்கள் வீட்டில் உண்மை ஒரு குறையுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது காகிதம். எனக்கு ஆற்றுப்பாலத்தில் உத்தியோகம். மூன்றாவது தூணில் அறைந்திருக்கும் அளவுப் பலகையைப் பார்த்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் நோட்டில் எழுதவேண்டும். வெள்ளம் வந்தால் மணிக்கு ஒரு தடவை. நான் எழுதுகிற எண்ணை வைத்துத்தான் கீழேயுள்ள ஊர்களில் யாரை வீட்டை விட்டுக் கிளப்புவது என்று மேலிடத்தில் முடிவு செய்வார்கள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. கை தவறி எண் பிசகினால் அழிப்பானைத் தொடக்கூடாது. தப்பான எண்ணை ஒரே கோடாக அடித்து, அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி விட்டு, மேலே சரியான எண்ணை எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். பகலெல்லாம் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையே எழுதுகிற ஒருவன் வீட்டுக்கு வந்தால் வாயையாவது அவிழ்த்து மேயவிடவேண்டாமா? என் மனைவிக்கு இது தெரியும். நிஜமாகவே ஒரு விஷயம் தெரியவேண்டும் என்றால் பென்சிலை நீட்டி, “வாயால வேண்டாம், எழுதிக் குடுங்க” என்பாள்.

மச்சினியைக் குடும்பத்தில் எல்லாரும் கீச்சு என்றுதான் கூப்பிடுவோம். எண்ணெய் போடாத தையல் மெஷின் மாதிரிக் குரல். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு துறைமுக ஊரில் தையல்கடை வைத்திருக்கிறாள். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேல் தகரக் கூரை, அவ்வளவுதான். தனிக்கட்டை. ஒரு தடவை நாங்கள் அங்கே போயிருந்தபோது, பழைய மெஷின் ஒன்றை நான்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். யானைக்குட்டி கனம். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு படியிலும் நின்றேன், நின்றதால் எண்ணினேன். பதினைந்து படி. பழக்க தோஷம், இறங்கி வரும்போது டேப்பால் அளந்தும் பார்த்தேன். படி ஒன்றுக்குப் பதினாறு சென்டிமீட்டர். கீச்சு அங்குலத்துக்காரி. “அது என்ன சென்டிமீட்டரு, எறும்பு நடக்கற மாதிரி” என்று கேலி செய்தாள். வாசல் சுவரில் கத்தரிக்கோல் வடிவத்தில் ஒரு தகர போர்டை மாட்டிக்கொடுத்ததும் நான்தான். கொஞ்சம் தாழ மாட்டிவிட்டேன். கத்தரிக்கோல் முனை தரையிலிருந்து சரியாக நூற்று அறுபது. வருகிறவர்கள் நெற்றியில் குட்டும். கழற்றி மாட்டுகிறேன் என்று எத்தனையோ தடவை போனில் சொல்லியிருக்கிறேன். “வேண்டாம் அத்தான். குனிஞ்சு வர்றவங்க பேரம் பேசறதில்ல” என்பாள்.

அந்தக் கத்தரிக்கோலைத்தான் டாக்டரின் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். படகில் நின்றுகொண்டு யாரோ ஒருவர் கத்திக்கொண்டிருக்க, அவர் தோளுக்குப் பின்னால் இரண்டே விநாடி. தெருவே இல்லை, பழுப்புத் தண்ணீர்தான். தண்ணீர் கத்தரிக்கோல் முனையைத் தொட்டும் தொடாமலும் அலம்பிக்கொண்டிருந்தது. ஒரு பார்வை போதும் எனக்கு. நூற்று அறுபது. பத்துப் படி. இன்னும் ஐந்து படி ஏறினால் அவள் கட்டில். அதற்கு மேல் தகரம், அந்தக் காற்றில்.

என் மனைவி அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நர்ஸம்மாவிடம் மாத்திரைக்கு விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சுக்குள்ளிருந்து நான் போட்ட சத்தத்தில் திரும்பினாள். அவள் கண்ணுக்குக் கிடைத்தது தெருமுனையில் இருக்கும் மணிக்கூண்டின் தலை மட்டும்தான்.

“அது கீச்சு தெரு மணிக்கூண்டுதானே?”

தலையாட்டினேன்.

“கடை தெரிஞ்சுதா? தண்ணி எவ்வளவுங்க?”

எனக்குப் பேச வரவில்லை. கன்னம் மரத்துக் கிடந்தது. அவள் மாத்திரை உறையைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி, நர்ஸம்மா மேஜையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கைப்பைக்குள் அவசரமாகத் துழாவ ஆரம்பித்தாள். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் அவள். ஊரே செத்துப் பிழைத்த நாட்களில்கூடக் குரல் பிசகாமல் “லைன்ல இருங்க” என்று சொன்னவள். அந்தக் கை பைக்குள் சாவியையும் சில்லறையையும் போட்டு உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் ‘3 படி’ என்று எழுதினேன்.

அவள் வாங்கிப் படித்தாள். அவள் விட்ட பெருமூச்சில் மேஜை மேலிருந்த சீட்டுகள் பறந்தன, வகுத்துக்கொள்ளுங்கள். “மூணுதானே. மெஷினையெல்லாம் மேல ஏத்தியிருப்பா, கெட்டிக்காரி” என்று உறையை மடித்துப் பையில் பத்திரப்படுத்தினாள். பேருந்தில் வரும்போது, பேச முடியாத புருஷன் எவ்வளவு சுகம், மிச்சப் பல்லையும் மாதம் ஒன்றாகப் பிடுங்கச் சொல்லலாமா என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் யோசனை கேட்டாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். வாயில் இரத்தம் ருசித்தது. அது பல்லால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கீச்சுவின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் கூப்பிட என்று தொலைக்காட்சியில் மீட்பு நிலையத்தின் எண் ஒன்றைக் காட்டினார்கள். அதைப் போட ஆரம்பித்தாள். நாற்பத்தொரு தடவை. இதை மட்டும் வகுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நானே எண்ணினேன். ஆயிரம் பேரைக் காத்திருக்கச் சொன்னவள் ஒரு முகச்சுளிப்பில்லாமல் தன் முறைக்குக் காத்திருந்தாள். மத்தியானம் தாண்டி லைன் கிடைத்தது. என்ன அதிர்ஷ்டமோ, நம் பாஷை தெரிந்த பையன் ஒருவன். முகவரி கேட்டான், எத்தனை பேர் என்று கேட்டான், கடைசியாகத் தெரிந்த தண்ணீர் மட்டம் என்ன என்று கேட்டான். அவள் பையிலிருந்து உறையை எடுத்துப் பிரித்து, எழுத்தைப் பார்த்துப் படித்தாள். “மூணு படிங்க.”

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மாடியை எட்டப்போகிற வீடுகளுக்குத்தான் படகு முதலில் போகிறது, மூன்று படி என்றால் நாளைக்கோ மறுநாளோதான் வரமுடியும், மன்னிக்கணும் அம்மா என்றான் பையன். குரலில் தூக்கமே இல்லை.

“நியாயந்தானே தம்பி” என்றாள் இவள். “மோசமா இருக்கறவங்கள முதல்ல பாருங்க. எங்க பொண்ணு சமாளிச்சுக்குவா.”

கொப்பளிக்க வைத்திருந்த வெந்நீர் என் கையிலிருந்து எங்கே போனது என்று தெரியவில்லை. பஞ்சைத் துப்பிவிட்டு, “பத்து! பத்துப் படி!” என்று கத்தினேன். அரைக் கன்னம் மரத்திருந்தாலும் எண் தெளிவாகவே வந்தது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒண்ணுமில்ல தம்பி, எங்க வீட்டுக்காரர். அவர் பத்துன்னா ஒண்ணுன்னு எடுத்துக்கணும்.”

சத்தியம் செய்தேன். என் தலைமேல் அடித்துச் செய்தேன். ஆள் உயர மீனுக்கும் இதே தலையில்தான் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு அவள் காதில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் பையன் அடுத்த அழைப்புக்குப் போகத் தயாராகிவிட்டான் என்பது அவன் “சரிம்மா” சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

உறையை அவள் விரலிலிருந்து பிடுங்கினேன். மேஜையில் வைத்து, 3-ன் மேல் ஒரே கோடு. அதன் மேலே 10. பக்கத்தில் என் சுருக்கொப்பம். கை தானாகவே தொலைக்காட்சியில் பார்த்த நேரத்தையும் போட்டது, காலை 11.15.

அவள் பார்த்தாள். என் நோட்டுகளை வருஷக்கணக்காக அடுக்கி வைத்தவள் அவள். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது அந்தப் பழைய ஆபரேட்டர் குரல்.

“லைன்ல இருங்க தம்பி. முன்னாடி சொன்னதுல ஒரு திருத்தம். பத்துப் படி. மொத்தமே பதினஞ்சு. மாடியில ஒரு பொம்பள தனியா இருக்கா. இது காலைல பதினொன்னே கால் நிலவரம், இப்ப ஏறியிருக்கும்.” கொஞ்சம் நிறுத்தினாள். பையன் என்னவோ கேட்டான். “ஆமாப்பா, உறுதிதான். எழுத்துல இருக்கு.”

அவன் ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தான். படகுக்காரர்களுக்கு இப்போதே சொல்கிறேன், போய்ச் சேருவது காற்றைப் பொறுத்தது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

நான் தரையில் சிந்தியிருந்த வெந்நீரைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

“வாய் ஒண்ணு போதாதுன்னு இப்ப கையையும் கெடுத்துக்கிட்டீங்களா?” என்றாள் கடைசியில்.

“உன் மூஞ்சியப் பார்த்து பயந்துட்டேன்.”

“முப்பத்தாறு வருஷமா இதே மூஞ்சிதான். இன்னிக்கித்தான் பயம் வந்துதாக்கும்?”

சாயங்காலம் முழுக்க நான் மரியாதையாக இருந்தேன். மழை வருமா என்று அவள் கேட்டதற்குத் தெரியாது என்றேன். காரம் சரியா என்றதற்குச் சரி என்றேன். போன் மேஜை மேல் கறுப்பாகக் கிடந்தது. அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது, “ஏதாவது அளந்து விடுங்களேன். நீங்க இப்படி உட்கார்ந்திருந்தா வீடு வீடாவே இல்ல” என்றாள்.

சரி என்று பல்லைப் பிடுங்கிய கதையை ஆரம்பித்தேன். நெஞ்சில் ஊன்றிய கால், நாலு வேர், விழுந்த காலண்டர். அவள் முகவாயில் கையை வைத்துக் கேட்டாள். அன்றைக்கு அவள் வகுக்கவில்லை. டாக்டரின் காலை அப்படியே முழுசாக என் நெஞ்சின் மேல் விட்டுவைத்தாள்.

மறுநாள் காலை பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது போன் ஒரு முறை அதிர்ந்தது. அழைப்பு இல்லை. கீச்சுவின் எண்ணிலிருந்து ஒரே ஒரு படம். ஒரு வார்த்தை இல்லை. போனில் மிச்சமிருந்த உயிர் அவ்வளவுதான் போல. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கண்ணாடிக்கு அடித்துக்கொண்டு குனிந்தோம். மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்த படம். படிக்கட்டு, அதன் இரும்புக் கைப்பிடி, படிக்கு ஒரு கம்பி. கீழ்ப்படிகள் பழுப்புத் தண்ணீருக்குள் இருந்தன. தண்ணீருக்கு மேலே தெரிந்த கம்பிகளில், மேலிருந்து மூன்றாவதில் ஒரு சிவப்பு நூல், இறுக்கி முடிச்சுப் போட்டு. அதற்குக் கீழே, நான்காவதில், ஈரத்தில் கறுத்த சிவப்பு நூல். அதே கம்பியில் அதன் பக்கத்திலேயே புதிதாக ஒரு மஞ்சள் நூல்.

“என்னங்க இது, கோலம் மாதிரி?” என்றாள் மனைவி.

கம்பிகளை மேலிருந்து எண்ணினேன். தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏற ஏறச் சிவப்பு கட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாத கீழ்க்கம்பிகளிலும், அந்தத் தண்ணீருக்குள்ளே, கட்டாயம் சிவப்பு இருக்கும். பதின்மூன்று வரைக்கும் ஏறியிருக்கிறது. இன்னும் இரண்டு படிதான் பாக்கி இருந்திருக்கிறது. பிறகு பன்னிரண்டுக்கு இறங்கியிருக்கிறது, அதற்கு மஞ்சள். தண்ணியப் பார்த்துக்கிட்டு நிக்கறதுக்கு உங்களுக்குச் சம்பளம் வேறயா அத்தான் என்று என்னைக் கிண்டலடித்த அதே கீச்சு.

சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி அதே மாத்திரை உறையையும் பென்சிலையும் நீட்டினாள். அடித்த மூன்றும் அதன் மேல் பத்தும் அப்படியே இருந்தன. கீழே 13 என்று எழுதினேன், அதன் கீழே 12. அவள் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு உறையை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, மீட்பு நிலையத்தின் எண்ணைப் போட்டாள். போய்க்கொண்டே இருந்தது. போகட்டும் என்று காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் பக்கம் படத்தைத் தள்ளினாள். “அங்க என்னவோ தொங்குது பாருங்க.”

விரலால் அகலப்படுத்திப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில், மேல்படியில், ஒரு வெறும் கால் கட்டைவிரல். அதற்குப் பக்கத்தில் கைப்பிடியில் சுற்றிக் கட்டிய தையல் டேப், மஞ்சளும் கறுப்புமாக, படி படியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்குலம்தான். அதன் தகர நுனி தண்ணீரைத் தொட்டு ஒரு சின்ன வட்டத்தை உண்டாக்கியிருந்தது.