அம்மாவின் டிராக்டர் திறப்பு

"கிருசாந்தி, கொம்மாவிட்டச் சொல்லு, மெதுவா ஓட்டட்டாம்."

"நீங்களே சொல்லுங்கோப்பா."

"நான் சொன்னா இறங்கி வந்து ஏசுவா. நீ சின்னப்பிள்ளை, உன்னை ஏசமாட்டா."

எனக்கு அப்போது எட்டு வயது. ஆல்பனி நகரைத் தாண்டி எங்களுக்கு இருந்த பத்து ஏக்கரில் அம்மாதான் டிராக்டர் ஓட்டுவார். பின்னால் இழுபடும் பழைய ரேக், வெட்டிக் காயவிட்ட புல்லை வரிசையாக வாரும். பாரம் இல்லாவிட்டால் தவளைபோலத் துள்ளும். ரேக்கின் மேல் ஏறி உட்காரும் அந்தப் பாரம் அப்பாதான்: வங்கி அதிகாரி கதிர்காமநாதன், தொண்ணூறு கிலோ. இருவருக்கும் நடுவே ஓடிச் செய்தி சொல்வது என் வேலை.

அதற்கு முந்தின வருடம் அப்பாதான் ஓட்டினார். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வேலியை உடைத்துப் போய், பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை ரேக்கால் வாரி, புல்லோடு அழகாக வரிசைப்படுத்தினார். ஒரு நீலப் பைஜாமா மட்டும் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் தீனிப் புல்லுக்குள் அதை எங்கள் பசு கண்டுபிடித்தது.

அன்றே அம்மா டிராக்டர் திறப்பைப் பறித்து, அந்தச் சாவியைத் தாலிக்கொடியில் சேப்டி பின் குத்தி மாட்டிக்கொண்டார். தேத்தண்ணி குடிக்க இறங்கினாலும் அது கழுத்துக்குப் போய்விடும். கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் அதோடுதான் போனார். அப்பா அதையே பார்ப்பார், கேட்கமாட்டார். இருபத்துநாலு வருடங்கள்.

அம்மாவின் முழங்கால் இனி முடியாது என்றுவிட்டது. டிராக்டரையும் ரேக்கையும் விற்றாகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு லொறி வருவதாக இருந்தது. மூன்றரைக்கு, ஓடிக்கொண்டிருந்ததைத் தவிர ஒரே ஒரு வரிசை மிச்சம்.

"பிள்ளை, கொம்மாவிட்டச் சொல்லு..." ரேக்கில் இருந்தபடி அப்பா தொடங்கினார்.

"என்னெண்டு?"

அப்பா டிராக்டரைப் பார்த்தார். "ஒண்டுமில்லை."

"எனக்கு முப்பத்தொண்டு வயசப்பா. தபால்காரி வேலையை விட்டாச்சு. நீங்களே போய்க் கேளுங்கோ."

வரிசை முடிவில் டிராக்டர் திரும்பியபோது அப்பா குதித்து இறங்கினார். ரேக் துள்ளியது. அம்மா நிறுத்தினார்; பழக்கதோஷத்தில் திறப்பைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா, விழுந்திட்டியளோ?"

"விழேல்லை." அப்பா தொப்பியைக் கழற்றி, மீசையில் இருந்த புல்லைத் தட்டி, பெண் கேட்க வந்தவர்போல் நின்றார். "இண்டைக்குப் பக்கத்து வீட்டுக் கொடியில ஒண்டும் காயேல்லை. பாத்திட்டன்."

"அதுக்கு?"

"இஞ்சரும் மரகதம்... அந்தத் திறப்பை ஒருக்காத் தாரும். கடைசி வரிசையை நான் ஓட்டட்டே?"